கிட்டார் பிக் வாங்குகிறீர்களா? கனத்தை மட்டும் பார்க்காதீர்கள்

கிட்டார் கம்பியை மீட்டும் சின்னத் துண்டுதான் பிக். புதுக் கிட்டாரோடு கடைக்காரர் சும்மா கொடுக்கும் பிக்கை வைத்தே பலர் முதல் வருடத்தை ஓட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது அரை மி.மீ. கனம்கூட இல்லாத, தொட்டால் வளையும் பிளாஸ்டிக். கார்டு பிடித்து ஸ்ட்ரம் பண்ண, அதாவது கம்பிகளைச் சேர்த்து அடிக்க, அது தாராளமாகப் போதும். அதனாலேயே அதில் இருக்கும் குறை தெரிவதில்லை. ஒற்றைக் கம்பியில் மெட்டு வாசிக்க இறங்கும்போதுதான் ஸ்வரம் மங்கலாக விழும், வேகம் ஒரு அளவுக்கு மேல் ஏறாது. கை இன்னும் பழகவில்லை என்று நினைத்துக்கொண்டு சாதக நேரத்தைக் கூட்டுவார்கள். பிக்கை மாற்றிப் பார்க்கத் தோன்றாது.

எளிதில் கிடைக்கும் ஆறு பிக்குகளை இங்கே எடுத்துக்கொள்கிறோம்: டன்லப் கம்பெனியின் டார்டெக்ஸ், நைலான் ஸ்டாண்டர்ட், ஜாஸ் 3, அல்டெக்ஸ், பிக் ஸ்டபி (Big Stubby) ஆகிய ஐந்தும், ஃபெண்டரின் 351 செல்லுலாய்டும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒன்றே ஒன்றுதான் வாங்குவீர்கள் என்றால் மஞ்சள் டார்டெக்ஸ், 0.73 மி.மீ. இரண்டு வாங்குவதானால் கூடவே சிவப்பு ஜாஸ் 3. ஏன் இவை, யாருக்கு இவை ஒத்துவராது என்பதைக் கீழே பார்க்கலாம்.

வளைவும் முனையும்

கடையில் எல்லோரும் கேட்பது கனத்தைத்தான். தோராயமாக, 0.6 மி.மீ.க்குக் கீழே இருந்தால் மெல்லியது, 0.6 முதல் 0.8 வரை நடுத்தரம், 1.2 வரை தடித்தது. அதற்கு மேலே போனால் பிக் வளையவே வளையாது. ‘மீடியம்’, ‘ஹெவி’ என்று அச்சடித்திருப்பதை வைத்து மட்டும் வாங்க வேண்டாம். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனிக்கு மெல்லியதாக இருக்கும். மி.மீ. எண் இருந்தால்தான் ஒப்பிட முடியும். அந்த எண்ணும் பாதிக் கதைதான். 0.73 நைலானையும் 0.73 டார்டெக்ஸையும் இரண்டு கையிலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். நைலான் சட்டென்று வளையும், டார்டெக்ஸ் எதிர்த்து நிற்கும். அதே கனத்தில் அல்டெக்ஸ் இன்னும் விறைப்பு. எனவே கேட்க வேண்டிய கேள்வி கனம் எவ்வளவு என்பதல்ல, எவ்வளவு வளைகிறது என்பதே.

வளைந்தால் என்ன ஆகிறது? மெல்லிய பிக் கம்பியில் பட்டதும் முதலில் தான் வளைகிறது, அதற்குப் பிறகுதான் கம்பியை விடுகிறது. கை நகர்வதற்கும் ஒலி எழுவதற்கும் நடுவே மிகச் சிறிய தாமதம் விழுகிறது. ஸ்ட்ரம்மிங்கில் இது காதுக்கே தெரியாது. தாளம் தட்டும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 120 தட்டு வைத்து ஒரு தட்டுக்கு நான்கு ஸ்வரம் வாசித்தால் நொடிக்கு எட்டு அடி, ஓர் அடிக்கு 125 மில்லி நொடிதான் கிடைக்கும். வளைந்த பிக் நிமிர்ந்து நிலைக்கு வருவதற்குள் அடுத்த அடி வந்துவிடுகிறது. ‘கொழகொழ’வென்று கேட்பது அதனால்தான்.

இன்னொன்று, மெல்லிய பிக்கில் அழுத்தி அடித்தால் ஒலி அவ்வளவாகக் கூடாது, வளைவுதான் கூடும். அதாவது மெதுவாக அடித்ததற்கும் ஓங்கி அடித்ததற்கும் வித்தியாசம் குறைந்துவிடும். மெட்டு வாசிப்பவருக்கு இது பெரிய இழப்பு. ஸ்ட்ரம் பண்ணுபவருக்கோ வரம்: கை கொஞ்சம் முன்பின் ஆனாலும் ஆறு கம்பியும் ஒரே சீராகக் கேட்கும். ஒருவருக்கு நல்ல பிக் இன்னொருவருக்குக் கெட்டதாக இருப்பது இப்படித்தான்.

முனைக்கு வருவோம். கூர்முனை கம்பியைக் குறுகலான இடத்தில் தொட்டு உடனே விடும்; மேல் ஹார்மானிக்ஸ் (ஸ்வரத்தோடு சேர்ந்து எழும் உயர் ஒலிகள்) அதிகமாக எழும், ஒலி பளிச்சென்று இருக்கும். மழுங்கிய முனை கம்பியின் மேல் உருண்டு இறங்கும். ஒலி கனிந்து, அடித்தளம் கூடிக் கேட்கும். இதைச் சோதிக்கப் புது பிக் வாங்க வேண்டியதில்லை. கையில் இருக்கும் பிக்கைத் திருப்பி, தோள்பட்டை போல் உருண்டிருக்கும் மேல் மூலையால் அதே மெட்டை வாசியுங்கள். அமெரிக்க ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் தன் பிக்கின் கூர்முனையை விட்டுவிட்டு இந்த உருண்ட பக்கத்தால்தான் வாசித்தார். அவருடைய தடித்த கம்பிகளோடு அது சேர்ந்தால் எப்படி ஒலிக்கும் என்பது ப்ளூஸ் கேட்பவர்களுக்குத் தெரியும்.

கடையில் யாரும் பார்க்காதது விளிம்பு. பிக்கை விளக்குக்கு நேரே பக்கவாட்டில் பிடித்து, விளிம்பை நகத்தால் தடவுங்கள். அச்சில் வார்த்த பிக்குகளில் இரண்டு பாதி சேரும் இடத்தில் மெல்லிய பிசிறு நிற்கும். நல்ல தயாரிப்பில் அது தெரியாது. மலிவுப் பாக்கெட்டுகளில் நகத்தில் இடறும். அந்தப் பிசிறுதான் சுற்றுக் கம்பிகளில், அதாவது மேலே உலோக இழை சுற்றிய தடித்த கம்பிகளில், ‘சரக் சரக்’ என்று உரசும். நேரில் கேட்டால் பெரிதாகத் தெரியாது; மைக் வைத்துப் பதிவு செய்தால் பாட்டு முழுக்க அதுதான் கேட்கும்.

டார்டெக்ஸ்

பழைய நாட்களில் உயர்ந்த பிக் என்றால் அழுங்காமையின் ஓட்டில் செய்தது. விறைப்பு, வழுக்காத பிடி, தெளிந்த ஒலி மூன்றும் அதில் இருந்தன. ஆமைகள் அழியும் நிலைக்கு வந்ததால் 1970களில் அதன் பன்னாட்டு வணிகம் தடை செய்யப்பட்டது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் அது குற்றம். அந்த ஓட்டுக்கு மாற்றாக 1981இல் டன்லப் கொண்டுவந்ததுதான் டார்டெக்ஸ். பிக்கின் மேல் ஆமைப் படம் இருப்பதற்குக் காரணம் அதுதான். பொருள் அசிட்டால் வகை பிளாஸ்டிக். டெல்ரின் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

நிறமே அளவு: சிவப்பு 0.50, ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.00, ஊதா 1.14. மேடையில் எண்ணைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், நிறத்தைப் பார்த்து எடுக்கலாம். போலியைக் கண்டுபிடிக்கவும் இது உதவும். மஞ்சள் பிக்கில் 1.00 என்று அச்சடித்திருந்தால் அது வழக்கமான டார்டெக்ஸ் அல்ல.

மேற்பரப்பில் மாவு தடவியதுபோல் ஒரு சொரசொரப்பு இருக்கும். சென்னை, கொழும்பு மாதிரி வியர்க்கும் ஊர்களில் இது பெரிய உபகாரம். பளபளப்பான பிக் நழுவும் இடத்தில் இது நிற்கும். ஒலி நடுநிலையானது, அடி தெளிவாக விழும், கூசும் உச்சம் கிடையாது. மஞ்சளில் ஸ்ட்ரம்மிங்கும் பண்ணலாம், சுமாரான வேகத்தில் மெட்டும் வாசிக்கலாம். எல்லா வேலையையும் ஓரளவு நன்றாகச் செய்யும் அளவு அதுதான் என்பதால்தான் அதை முதலிடத்தில் வைக்கிறோம்.

குறை என்னவென்றால் தேய்மானம். அகூஸ்டிக் கிட்டாரின் வெண்கலக் கம்பியில் ஓங்கி ஸ்ட்ரம் பண்ணுபவர்களுக்கு சவுண்ட் ஹோலை (கம்பிகளுக்குக் கீழே பலகையில் இருக்கும் துளையை)ச் சுற்றி மஞ்சள் பொடி படிந்திருக்கும். அது பிக்கின் விளிம்பு. விளிம்பு ரம்பப் பல் போல் ஆனதும் உரசல் ஒலி வரும். கட்டைவிரல் படும் இடத்தில் சொரசொரப்பும் நாளாக நாளாக வழுவழுப்பாகிவிடும். இரண்டும் சேர்ந்து வந்தால் மாற்ற வேண்டிய நேரம்.

நைலான் ஸ்டாண்டர்ட்

0.38 முதல் 1.00 வரை உண்டு. மேலே மேடாக எழுந்த எழுத்துகள் பிடிக்கு உதவும். எவ்வளவு மடக்கினாலும் சுலபத்தில் உடையாது. ஸ்டுடியோவில் அகூஸ்டிக் ஸ்ட்ரம்மிங் பதிவு செய்ய 0.38, 0.46, 0.60 மூன்றுக்கும் தனி மரியாதை உண்டு. அடியின் ‘டிக்’ ஒலி மென்மையாக விழுந்து, தாளக் கருவிகளோடு ஷேக்கர் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பாடகரின் குரலோடு மோதாது.

லீட் (மெட்டு, சோலோ) வாசிக்க நைலான் ஸ்டாண்டர்டை எடுக்க வேண்டாம், 1.00இல்கூட. கனம் இருந்தாலும் விறைப்பு போதாது. நைலானுக்கு ஈரத்தை உறிஞ்சும் குணமும் உண்டு; ஈரம் ஏற ஏற இன்னும் இளகும். மழைக்காலத்தில் வாசித்தால் சிலருக்கு இந்த வித்தியாசம் தெரியும், சிலர் கவனிக்கவே மாட்டார்கள்.

ஜாஸ் 3

பெயரைப் பார்த்து ஜாஸ் வாசிப்பவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ராக், மெட்டல் கிட்டார் கலைஞர்களான எரிக் ஜான்சன், மெட்டாலிகாவின் கர்க் ஹேமட், ஜான் பெட்ரூச்சி ஆகியோர் பெயரிலேயே இதன் வடிவங்கள் விற்பனையில் இருக்கின்றன. ஜாஸ் வரிசையில் மூன்று முனைகள் உண்டு. 1 உருண்டது, 2 நடுவில், 3 கூர்மை. ஜாஸ் 3இன் கனம் 1.38 மி.மீ. வழக்கமான பிக் சுமார் 30 மி.மீ. நீளம் என்றால் இது சுமார் 24 தான்.

இந்தச் சின்ன உடல்தான் இதன் பலம். பிடித்தால் முனை மட்டுமே வெளியே நீளும், கம்பிக்குள் ஆழமாக இறங்க இடமில்லை. மெட்டு வாசிக்கும்போது பிக் கம்பிக்குள் இரண்டு மி.மீ.க்கு மேல் போனால் அடுத்த அடிக்கு அதை வெளியே இழுக்க வேண்டிவரும். அதுதான் வேகத்தைத் தின்பது. ஜாஸ் 3 அந்தப் பழக்கத்தை வரவிடாமல் தடுத்துவிடும். அடித்த கணமே ஒலி, அடிக்கு அடி ஒரே அளவு.

சிவப்பு நைலான், கறுப்பு அதைவிட விறைப்பான ரகம். சிவப்பில் அடி கொஞ்சம் மென்மையாக விழும், கறுப்பு கூர்மை. முதல் தடவை வாங்குபவர்களுக்குச் சிவப்பே நல்லது. கை பெரியவர்களுக்கும் பழைய அளவை விட மனமில்லாதவர்களுக்கும் எக்ஸ்எல் என்ற பெரிய உடல் உண்டு. வியர்வைக் கைக்கு மேக்ஸ் கிரிப் என்ற சொரசொரப்பான வடிவமும் உண்டு. நம் வெயிலுக்கு அதையே சிபாரிசு செய்வோம்.

ஸ்ட்ரம்மிங்குக்கு இது ஆகவே ஆகாது. வளையாத முனை ஒவ்வொரு கம்பியிலும் இடறும், பிக் விரலுக்குள் சுற்றிக்கொள்ளும், மேல்நோக்கிய அடியில் மாட்டிக்கொண்டு பறந்துபோகும். ஒரே பாட்டில் ஸ்ட்ரம்மும் சோலோவும் வாசிக்க வேண்டியவர்கள் இதை மேடைக்குக் கொண்டுபோகும் முன் யோசிக்க வேண்டும்.

அல்டெக்ஸ்

தேன் நிறத்தில், வெளிச்சம் ஊடுருவும் பிக். அல்டெம் என்ற கடினமான பிளாஸ்டிக். எடை குறைவு, விறைப்பு அதிகம், தேய்மானம் டார்டெக்ஸைவிட நன்றாகவே குறைவு. ஒலி பளிச். மரம் கொஞ்சம் மந்தமாகப் பேசும் மலிவு அகூஸ்டிக் கிட்டாரில் 0.73 அல்லது 0.90 அல்டெக்ஸ் போட்டால் கிட்டாருக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும். ஏற்கெனவே பளிச்சென்று ஒலிக்கும் கிட்டாரில் புதுக் கம்பி மாட்டி இதை எடுத்தால் காது கூசும். மேற்பரப்பு வழுவழுப்பு, வியர்க்கும் கைக்குக் கொஞ்சம் தொல்லை. பிக்கைச் சீக்கிரம் சீக்கிரம் தின்றுவிடுபவர்களுக்குக் கணக்குப் பார்த்தால் இதுதான் மலிவு.

351 செல்லுலாய்டு

கண்ணை மூடிக்கொண்டு பிக் வரையச் சொன்னால் எல்லோரும் வரையும் வடிவம் 351. செல்லுலாய்டு விரல் சூட்டுக்கு இளகி ஒட்டிக்கொள்ளும், பிடி அருமை. ஒலியும் பலருக்குப் பிடித்த பழைய ஒலி, கணீரென்று இருந்தாலும் இனிமை கெடாது. அளவு தின் (மெல்லியது), மீடியம், ஹெவி, எக்ஸ்ட்ரா ஹெவி என்று பெயரில்தான். மீடியம் சுமார் 0.7 மி.மீ.

ஆயுள்தான் குறைச்சல். தின்னில் ஓங்கி ஸ்ட்ரம் பண்ணினால் முனை பிளந்துவிடும். ஒரு முனை தேய்ந்தால் மேல் மூலைகள் இரண்டும் இருக்கின்றன என்பது ஆறுதல். பழைய சினிமாச் சுருளின் அதே பொருள் இது, தீப்பிடிக்கும். லைட்டரால் சுட்டு முனையை வளைக்கும் வித்தையெல்லாம் இதில் வேண்டாம்.

பிக் ஸ்டபி

நடுவே கட்டைவிரலுக்குக் குழி வைத்த பாலிகார்பனேட் பிக். 1, 2, 3 மி.மீ. அளவுகள். குழி இருப்பதால் இறுக்கிப் பிடிக்காமலே நிற்கும். மணிக்கட்டு வலி வருபவர்கள் ஒருமுறை முயலலாம். 3 மி.மீ.யில் ஒலி உருண்டு திரண்டு, கிட்டத்தட்ட விரலால் மீட்டியதுபோல் வரும். ஜிப்சி ஜாஸ் வாசிப்பவர்கள் மூன்று மி.மீ.க்கு மேல் போவதும் இந்தத் திரட்சிக்காகத்தான். மற்றவர்களுக்கு 2 போதும்.

அமெரிக்காவில் ஒரே ஒரு பிக் 35 டாலருக்கு மேல் விற்கும் ப்ளூசிப் பற்றியும் கேட்கிறார்கள். அமெரிக்க நாட்டுப்புற இசை வகையான ப்ளூகிராஸ் வாசிப்பவர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். தேய்மானம் மிகக் குறைவு, உரசல் ஒலி இல்லை, எல்லாம் உண்மை. ஆனால் பிக்கைத் தொலைக்காமல் ஆறு மாதம் வைத்திருக்கும் பழக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எந்த வாசிப்புக்கு எது

சினிமாப் பாட்டுக்குப் பக்கத்தில் ஸ்ட்ரம் பண்ணுவதுதான் நம்மில் பெரும்பாலோர் வேலை. மைக் அல்லது பிக்கப் இருந்தால் 0.60 நைலான் அல்லது ஆரஞ்சு டார்டெக்ஸ். ஒலிபெருக்கி இல்லாமல், கீபோர்டும் தபேலாவும் ஐம்பது குரலும் சேரும் சர்ச் கொயரில் அது காணாமல் போய்விடும். பச்சை டார்டெக்ஸுக்குப் போங்கள். கம்பி கனமும் கணக்கில் வரும். அகூஸ்டிக்கில் 12இல் தொடங்கும் செட் (முதல் கம்பி 0.012 அங்குலம்) போட்டிருந்தால், 10 செட்டுக்குப் பயன்படுத்தியதைவிட ஒரு படி தடித்த பிக் வேண்டும். இல்லையென்றால் ஆறாம் கம்பி பிக்கைத் தள்ளிவிடும்.

எலெக்ட்ரிக்கில் 9 அல்லது 10 செட்டோடு லீட் வாசிப்பவருக்கு ஜாஸ் 3 அல்லது நீல டார்டெக்ஸ். மெட்டல் ரிதம், பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை அமுக்கி அடிப்பது) என்றால் 1.0க்கும் 1.5க்கும் இடையே; ஆறாம் கம்பியை இறக்கிச் சுருதி சேர்த்திருந்தால் அதில் தடித்ததையே எடுங்கள். இறக்கிய கம்பி தொளதொளவென்று இருக்கும், மெல்லிய பிக் அதன் மேல் பட்டால் ஸ்வரத்துக்கு முன்னால் ‘டப்’ என்ற ஒலிதான் வரும். ஃபங்க்குக்கு நேர்மாறு: 0.60, 0.73. அங்கே கம்பியைவிடத் தாளம்தான் பேச வேண்டும்.

கர்நாடக சங்கீதத்துக்கு பிக் ஒத்துவருமா என்பதற்கு மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினில் எப்போதோ பதில் சொல்லிவிட்டார். கிட்டாரில் கமகம் வாசிக்கும்போது ஒரு மீட்டில் எழுந்த ஒலியை வைத்துக்கொண்டே மூன்று நான்கு ஸ்வரம் இழுக்க வேண்டியிருக்கும். அந்த முதல் மீட்டு நிறைந்து விழாவிட்டால் இழுப்பின் பாதியிலேயே ஒலி செத்துவிடும். 1.0க்கு மேல், முனை உருண்ட பிக் எடுங்கள். ஜாஸ் 1 அல்லது 2 இதற்குப் பொருத்தம். கூர்முனையில் சாகித்திய எழுத்துக்கு எழுத்து மீட்டினால் ‘டிக் டிக்’ ஒலி ராகத்தை விட்டுத் தனியே நிற்கும்.

பேஸ் கிட்டாருக்குப் பெரிய முக்கோண பிக், 0.88இலிருந்து 1.14 வரை. மாண்டலினில் கம்பிகள் இரட்டை என்பதால் கூர்முனை இரண்டுக்கும் நடுவே சிக்கும். உருண்ட முனையே சரி.

நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாருக்கு பிக்கே வேண்டாம். தடித்த மூன்று கம்பிகளின் மேல் சுற்றியிருப்பது மெல்லிய உலோக இழை, சீக்கிரம் அறுந்து பிரியும். கீறலைத் தடுக்கும் தகடான பிக்கார்டு இல்லாத பலகையில் கீறலும் விழும். கட்டாயம் வேண்டுமென்றால் 0.46 நைலான், மெதுவான கையோடு.

கடையில் பார்க்க வேண்டியது

உங்கள் கிட்டாரையே கொண்டுபோக முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால் அதே ரகம், அதே செட் கம்பி உள்ள ஒன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஆள்காட்டி விரலை மடக்கி, அதன் பக்கவாட்டில் பிக்கை வைத்து, கட்டைவிரலால் மூடுங்கள். மெட்டுக்கு மூன்று மி.மீ., ஸ்ட்ரம்முக்கு ஐந்தாறு மி.மீ. முனை வெளியே தெரிந்தால் போதும். முதலில் ஈ மேஜர் கார்டை மெதுவாகத் தொடங்கி ஓங்கி அடிக்கும் வரை கொண்டுபோங்கள். ஓங்கும்போது ஒலி கூடாமல் படபடப்பு மட்டும் கூடினால் பிக் மெல்லியது. மேல்நோக்கிய அடியில் கை தடுக்கினால் தடித்தது. அடுத்து முதல் கம்பியில் மேலும் கீழும் மாறி மாறி வேகமாக அடியுங்கள். மேலடியும் கீழடியும் ஒரே அளவில் கேட்கிறதா? கடைசியாக ஆறாம் கம்பியில் பிக்கைக் கொஞ்சம் சாய்த்து வாசித்து, உரசல் ஒலியைக் கவனியுங்கள். ஏசி அறையில் பிடி எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். விரலை லேசாக ஈரப்படுத்திக்கொண்டு இன்னொரு தடவை பாருங்கள்.

ஆன்லைனில் நூறு பிக் கொண்ட கலர் கலர் பாக்கெட்டுகள் வரும். வெர்னியர் வைத்து அளந்தால் அச்சடித்த எண்ணுக்கும் உண்மைக் கனத்துக்கும் சம்பந்தம் இருக்காது. பிடித்த ஒன்று கிடைத்தாலும் அதையே மறுபடி வாங்க வழியில்லை. அந்தக் காசுக்கு நல்ல பிக் நாலு வாங்கலாம்.

கோளாறுகள்

பிக் விரலுக்குள் சுற்றுகிறது என்பது அடிக்கடி கேட்கும் புகார். முனையை அதிகமாக வெளியே விட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். நீளம் கூடினால் கம்பி அதைத் திருகும் பலமும் கூடும். அதற்குப் பயந்து இறுக்கிப் பிடித்தால் கை களைத்து இன்னும் நழுவும். பிக்கின் நடுவில் காம்பஸ் முள்ளால் குறுக்கும் நெடுக்குமாக ஐந்தாறு கோடு கீறிவிட்டால் பெரும்பாலும் போதும். காகிதத்தில் துளையிடும் பஞ்ச் மெல்லிய பிக்கில் இறங்கும். அந்தத் துளையும் நல்ல பிடி தரும்.

முதல் கம்பி அடிக்கடி அறுகிறது என்றால் பிக் மீது பழி போடும் முன் அறுந்த இடத்தைப் பாருங்கள். பிரிட்ஜ் பக்கம், கம்பி ஏறி உட்காரும் சேடிலில் அறுந்திருந்தால் அங்கே கூர்மையான பிசிறு இருக்கிறது, அதைத் தேய்க்க வேண்டும். பிக் படும் இடத்திலேயே அறுந்தால்தான் விறைப்பான பிக்கும் ஓங்கிய கையும் காரணம்.

பிக் சவுண்ட் ஹோலுக்குள் விழுந்தால் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருக்காதீர்கள். கிட்டாரை நேராக, முதுகுப் பலகை கீழே இருக்கும்படி பிடித்து, சாய்த்துச் சாய்த்து பிக்கை ஹோலுக்கு நேர் கீழே கொண்டுவந்து நிறுத்துங்கள். அங்கிருந்து ஒரே மூச்சில் கவிழ்த்தால் கம்பிகளுக்கு நடுவே விழும். முதுகுப் பலகையின் உள்ளே குறுக்குச் சட்டங்கள் இருப்பதால் அதைத் தாண்டிவரக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

தேய்ந்த பிக்கைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. 400 நம்பர் உப்புத்தாளை மேசையில் விரித்து, பிக்கை 45 பாகை சாய்த்து, இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் இழுங்கள். ரம்பப் பல் போனதும் 1000, பிறகு 2000 நம்பர் தாள். கடைசியில் பழைய ஜீன்ஸ் துணியில் ஒரு நிமிடம் தேய்த்தால் விளிம்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். 400இலேயே நிறுத்திவிட்டால் முன்பைவிட அதிகமாக உரசும். வலது கைக்காரர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கச் சரிவுதான் தேயும். முழுதும் தேயும் முன் பிக்கைத் திருப்பிப் பிடித்துக்கொண்டால் ஆயுள் கிட்டத்தட்ட இரட்டிப்பு. முனை ஒரு மி.மீ.க்கு மேல் குறைந்துவிட்டால் உப்புத்தாளும் உதவாது, வடிவமே மாறியிருக்கும். ஒத்துப்போகும் பிக் கிடைத்ததும் அதே நிறம், அதே எண்ணில் ஆறு வாங்கிக் கிட்டார் உறையில் போட்டுவிடுங்கள்.